கொட்டாஞ்சேனையில் இரண்டு தடவை பிறந்த வருஷம்

கொழும்பு விமான நிலையத்தின் வாசலில் என் கணவரைக் கண்டதும் என் மூன்று வயது மகள் மீனு செய்த முதல் காரியம், என் கைப்பையைத் திறந்து செல்போனைத் தேடியதுதான். "அப்பாகிட்ட சொல்லணும், நாம வந்துட்டோம்னு" என்றாள். அந்த அப்பா எதிரே ஒரு பலூனைப் பிடித்துக்கொண்டு, பல் முப்பத்திரண்டும் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

இவர்தான் அப்பா என்று காட்டினேன். மேலும் கீழும் பார்த்தாள். "இது அப்பா இல்ல. அப்பா ஃபோன்ல இருக்காரு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு என் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. போன சித்திரை முடிந்த கையோடு, உயரமான கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டும் வேலைக்காகக் கொழும்புக்கு வந்தவர் இவர். அப்போது அவளுக்குப் பேச்சே சரியாக வரவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் திரையில்தான் அப்பா. திரைக்கு முத்தம் கொடுப்பாள், பிஸ்கட் ஊட்டுவாள், கோபம் வந்தால் கவிழ்த்துப் போடுவாள். அவளுக்குத் தெரிந்த அப்பா உள்ளங்கை அகலம், கழுத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. இங்கே நிற்கிறவருக்கோ கால் இருந்தது, தொப்பை இருந்தது, வியர்வை வாடை வேறு அடித்தது.

ஆறு வயது கதிர் மட்டும் ஓடிப்போய் அப்பா மேல் தென்னை மரம் ஏறுகிற மாதிரி ஏறிவிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டே என் வீட்டுக்காரர் மீனுவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வண்டியில் ஏறியதும் என் காதோடு சொன்னார்: "அஞ்சாம் நாள் நீங்க கிளம்பிருவீங்க செல்வி. இந்தத் தடவை ஒரு வாட்டியாவது எங்கிட்ட வரலைன்னா, அடுத்த வருஷம் நான் அவளுக்கு யாரோதான்." நான் அதெல்லாம் நாளைக்கே சரியாகிவிடும் என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

சாத்தூரில் இருந்து வந்தவள் நான், வெயிலைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் சாத்தூர் வெயில் வறுக்கும், கொழும்பு வெயில் அவிக்கும். கொட்டாஞ்சேனையில் அவர் வாடகைக்கு இருக்கிற வீட்டு வாசலில் இறங்கும்போது நாங்கள் நாலு பேரும் இட்லிச் சட்டியில் இருந்து எடுத்த பதத்தில் இருந்தோம். சின்னச் சந்து. ஒரு முனையில் மாதா சுரூபம், இன்னொரு முனையில் வைரவர் கோயில், நடுவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். மாடி அறை இவருக்கு. கீழே வீட்டுக்குச் சொந்தக்காரர்கள், ராஜி அக்காவும் அவர் கணவர் தயா அண்ணனும். யாழ்ப்பாணத்துக்காரர்கள், பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில்.

"வாங்கோ வாங்கோ, பிள்ளையள் நல்லாக் களைச்சுப் போச்சினம்" என்று ராஜி அக்கா கையை நீட்டினார். மீனு மறு யோசனை இல்லாமல் அந்தக் கைக்குத் தாவினாள். என் வீட்டுக்காரர் பலூனைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு இடியாப்பம். எங்கள் ஊரில் இடியாப்பம் என்றால் வெள்ளையாக, தேங்காய்ப் பாலும் சர்க்கரையுமாக, காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற பண்டம். இவர்கள் ஊரில் அது சிவப்பாக, உள்ளங்கை அளவில், அடுக்கடுக்காக வருகிறது. மேலே மஞ்சளாகச் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு, பக்கத்தில் நாக்கைச் சுண்டுகிற தேங்காய்ச் சம்பல். கதிர் சொதியைக் குடித்தே தீர்த்தான். நானும் வெட்கத்தை விட்டுச் சாப்பிட்டேன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் என் வீட்டுக்காரருக்கு ஒரு யோசனை. வாசல் பக்கம் போய் நின்றுகொண்டு என் போனுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். மீனு பாய்ந்து எடுத்தாள். ஆஹா, அந்தக் கொஞ்சல் என்ன, அந்தக் குழைவு என்ன. விமானம் மேகத்துக்குள் போனது, அண்ணன் வாந்தி எடுத்தது எல்லாம் ஒப்பித்தாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அப்பா, இங்க ஒரு மாமா இருக்காரு. உங்க சட்டையவே போட்டிருக்காரு" என்று கோள் சொன்னாள். ராஜி அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் அடுப்படிக்குள் ஓடிவிட்டார்.

மறுநாள் வெள்ளவத்தைக்குப் போனோம், வருஷப் பிறப்புக்குப் புதுத் துணி எடுக்க. கடலோர ரயிலில் போகலாம், பிள்ளைகளுக்குக் கடல் காட்டலாம் என்றார் இவர். கோட்டை ஸ்டேஷனுக்குப் போனால், ஊரில் பாதிப் பேர் மூட்டை முடிச்சோடு பண்டிகைக்குத் தெற்கே கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். சிங்களப் புத்தாண்டும் தமிழ்ப் புத்தாண்டும் அங்கே ஒரே நாள், எல்லாருக்கும் சேர்ந்த லீவு. எங்கள் பக்கம் தீபாவளிக்கு முந்தின நாள் மதுரை பஸ் ஸ்டாண்டு என்ன கதியோ அதே கதி.

எப்படியோ ஏறிவிட்டோம். ஜன்னலுக்கு வெளியே கடல் கைக்கெட்டும் தூரத்தில் ஓடியது. ரயில் தண்டவாளத்தில் போகிறதா அலையில் போகிறதா என்று கதிர் கேட்கிற அளவுக்குப் பக்கம். எனக்கே வாய் பிளந்துவிட்டது. சாத்தூரில் ரயில் ஜன்னலில் தெரிவதெல்லாம் வேலிக்கருவைதானே.

நெரிசலில் மீனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் தள்ளாடுவதைப் பார்த்து, உட்கார்ந்திருந்த ஒரு சிங்கள அம்மா என்னவோ சொல்லிக் கையை நீட்டினார். பிள்ளையை இங்கே கொடு, நசுங்கிப் போகும் என்கிறார் என்று இவர் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மீனு அந்த மடியில் இருந்தாள். பையில் இருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவர் உரிக்க, இவள் வாயைத் திறக்க, நல்ல சொந்தம்தான் போங்கள். "முன்னப் பின்ன தெரியாத அம்மா. பாஷை கூடத் தெரியாது" என்று இவர் முணுமுணுத்தார்.

வெள்ளவத்தை வந்தது. நாங்கள் இறங்கவில்லை. இறங்க மாட்டோம் என்றில்லை, கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மூட்டைகளைத் தாண்டி, மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வாசலுக்கு வருவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. அடுத்து நின்ற தெஹிவளையில் ஒரு தடியர் கதிரை அப்படியே தூக்கிப் பிளாட்பாரத்தில் வைத்தார், பின்னால் நாங்கள் உதிர்ந்தோம். என் செருப்பில் ஒன்று தெற்கே காலி என்கிற ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒற்றைச் செருப்போடு ஆட்டோ பிடித்து வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். துணிக்கு முன்னால் செருப்பு எடுக்க வேண்டியதாயிற்று.

வெள்ளவத்தைக் கடைவீதியில் நடந்தால் வெளிநாட்டுக்கு வந்த நினைப்பே வருவதில்லை. பெயர்ப் பலகையில் தமிழ், கடைக்குள்ளே பாடுகிற பாட்டு தமிழ், "அக்கா, என்ன மாதிரிப் பாக்கிறியள்" என்று கேட்கிற பெண் பேசுவது தமிழ். நான் வாயைத் திறந்ததும் மட்டும் எல்லாரும் ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறார்கள். நம் தமிழ் அவர்களுக்கு சினிமாவில் கேட்கிற தமிழ். ஒரு கடைப் பெண் என்னை இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லி ரசித்தாள். பேரம் பேச ஆரம்பித்ததும் ரசனை போய்விட்டது.

அன்றைக்கு மீனு யார் யாரிடம் போனாள் என்பதைக் கதிர் வீட்டுக்கு வந்து ராஜி அக்காவிடம் ஒப்பித்தான். ரயில் பாட்டி, துணிக்கடை அக்கா, தோசைக் கடையில் பரிமாறின அண்ணன், ஆட்டோக்காரர், அவர் கண்ணாடியில் தொங்கின பொம்மை. என் வீட்டுக்காரர் விடவில்லை. மஞ்சள் வாத்து ஒன்று வாங்கி முழங்கால் போட்டு நீட்டினார். வாங்கிக்கொண்டாள். "தேங்க்யூ மாமா" என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். அப்புறம் அவர் மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக நின்றதைப் பார்த்ததும், ஏண்டி சிரித்தோம் என்று ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் இவர் ஒரு முடிவோடு எழுந்தார். "செல்வி, வெடி வாங்கப் போறேன்."

நான் முதலில் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். ஏனென்றால் என் கணவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிறந்தது வளர்ந்தது எல்லாம் சாத்தூர். நாலு பக்கமும் பட்டாசு ஆலை, பக்கத்தில் சிவகாசி. உலகத்துக்கே வெடி செய்து அனுப்புகிற சீமை. அந்தச் சீமையில் பிறந்தும் இந்த மனிதருக்கு ஓலைவெடிச் சத்தம் கேட்டாலே உடம்பு தூக்கிப் போடும். இருபது மாடி உயரத்தில், லிஃப்ட் வருகிற குழிக்குள் ஒற்றைக் கயிற்றில் தொங்கி வேலை பார்ப்பார். அதற்குப் பயம் இல்லை. எங்கள் தலைத் தீபாவளிக்கு விடியற்காலையில் மாப்பிள்ளையைக் காணோம் என்று தேடினால், குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் தம்பிகள் இன்னும் அதைச் சொல்லித்தான் அவரை வரவேற்கிறார்கள்.

எங்கள் ஊரில் சித்திரை ஒன்றாம் தேதிக்கு வெடியே கிடையாது. மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ, கோயில், அவ்வளவுதான். இங்கேயோ வருஷம் பிறக்கிற நிமிஷத்தில் ஊரே வெடிக்கும் என்று ராஜி அக்கா சொல்லியிருந்தார். பஞ்சாங்கத்தில் வருஷம் பிறக்கிற நேரம் என்று ஒன்று உண்டு. இந்த வருஷம் அது பட்டப்பகலில், மத்தியானம் தாண்டி வந்தது. அதற்கு முன்னால் மருத்து நீர் வைத்துத் தலை முழுகி, புதுத் துணி உடுத்திக் காத்திருக்க வேண்டும். நேரம் வந்ததும் வெடி, அப்புறம்தான் பொங்கல்.

இவர் கணக்கு இதுதான்: மீனு வெடிக்குப் பயப்படாத பிள்ளை. சாத்தூர்க்காரி. தீபாவளிக்குச் சரவெடி வெடித்தால் நடுத்தெருவில் நின்று கைதட்டுகிறவள். அவள் கண் முன்னால் தானே வெடி கொளுத்திக் காட்டிவிட்டால் தானாக வந்து ஒட்டிக்கொள்வாள். "ஹீரோ மாதிரி கொளுத்துறேன் பாரு" என்றார். குரல் அப்போதே நடுங்கியது.

ஜிந்துப்பிட்டிப் பக்கம் நடைபாதைக் கடைகளில் வெடி குவிந்து கிடந்தது. அங்கே பட்டாசு என்று சொல்வதில்லை. சரவெடிக்குச் சீனவெடி என்று பெயர், ராக்கெட்டுக்கு ஈர்க்கு வாணம். ஒரு கட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஊர்ப் பாசம். எங்கள் ஊர்ச் சரக்கா என்று கேட்டதற்குக் கடைக்காரர், அங்கே நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன், இது நீர்கொழும்புப் பக்கத்து கிம்புலாபிட்டியவில் செய்தது என்றார், சற்றுப் பெருமையாகவே. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வாங்கின வெடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இதை நாளைக்கு வரைக்கும் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்ளலாமா என்று சிங்களத்தில் தன் அம்மாவைக் கேட்டதை இவர் எனக்கு மொழிபெயர்த்தார். அம்மா கட்டைப் பிடுங்கித் தன் பையில் போட்டாள். இவர் எங்கள் வெடிப் பையை நீட்டின கையிலேயே, உடம்புக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு வீடு வந்தார்.

வருஷப் பிறப்பு நாள். காலையிலேயே ராஜி அக்கா கோயிலில் இருந்து மருத்து நீர் வாங்கி வந்துவிட்டார். தலையில் ஓர் இலை, காலுக்கடியில் ஓர் இலை வைத்து, கிழக்கே பார்த்து நிற்க வைத்து, மூலிகை வாசனை அடிக்கும் அந்தத் தண்ணீரைத் தலையில் தேய்த்தார். கதிர் தன் தலையில் ரசம் ஊற்றிவிட்டார்கள் என்று அலறினான். மீனு இன்னும் ஊற்று என்றாள்.

நேரம் நெருங்க நெருங்க என் வீட்டுக்காரரின் ஏற்பாடுகளைப் பார்க்க வேண்டுமே. இரண்டு காதிலும் பஞ்சு. அதன் மேல் வெயிலுக்கு என்று சொல்லி ஒரு துண்டு, முண்டாசு. ராஜி அக்கா வீடு கூட்டுகிற நீளக் கம்பு வைத்த தும்புத்தடியை வாங்கி, அதன் நுனியில் ஊதுபத்தியைக் கட்டியிருந்தார். தயா அண்ணன் பார்த்தார். "தம்பி, உது சும்மா சீனவெடி. உதுக்குப் போய்த் தும்புத்தடியோ?" என்றார். பஞ்சு வைத்திருந்ததால் இவருக்குக் கேட்கவில்லை.

ராஜி அக்கா பஞ்சாங்கத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்து, "பிறந்திட்டுது" என்று கையைக் காட்டினார். இவர் வைரவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தடியை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, குத்துமதிப்பாகத் துழாவினார். தரையில் கிடந்த வாழை இலையைத்தான் முதலில் பற்ற வைத்தார். அப்புறம் திரி பிடித்தது. தடியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் பின்னால் நின்றார். படபடபடவென்று சரம் வெடித்தது, சந்தெல்லாம் சிவப்புத் தாள் பறந்தது, மீனு குதித்துக் குதித்துக் கைதட்டினாள், கதிர் விசில் அடிக்க முயன்று எச்சில் தெறிக்க ஊதினான். சந்தில் இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் வெடித்தார்கள். பக்கத்து வீட்டு மாலனி அக்காவின் மாமரத்திலும் ஒரு பெரிய சரம் தொங்கியது. ஆனால் அந்த வீட்டில் யாரும் வெளியே வரவில்லை. சாயங்காலத்துக்கு வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

சத்தம் ஓய்ந்ததும் என் வீட்டுக்காரர் முன்னே வந்தார். முண்டாசை உதறினார். இரண்டு கையையும் விரித்து, "வாடா தங்கம்" என்று குனிந்தார். மீனு ஓடிவந்தாள். வந்தவள் அவர் கைக்குக் கீழே நுழைந்து, பின்னால் நின்ற தயா அண்ணனின் வேட்டியைப் பிடித்து, "இன்னொண்ணு" என்றாள்.

அவர் மெதுவாக நிமிர்ந்தார். காதுப் பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். மாடிப் படிக்கட்டின் கீழ்ப்படியில், மதில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்டீ கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். "விடு செல்வி. வெடியாவது முடிஞ்சுதே" என்றார். "வருஷம் பொறந்தாச்சு. இனிமே நிம்மதி." உள்ளே பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. நெய் வாசனை வந்தது. ஒரு முக்கால் மணி நேரம் அப்படியே போயிருக்கும். கதிர் வெடிக்காத வெடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். மீனு என் மடியில் தலை வைத்து வாத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். இவர் ஐந்தாம் நாளுக்கு என்னென்ன வாங்கி அனுப்ப வேண்டும் என்று என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கொழும்பு வெடித்தது.

நான் மிகைப்படுத்தவில்லை. முதலில் எங்கோ பௌத்த விகாரையில் மணி அடித்தது. அடுத்த நொடி, இவர் சாய்ந்திருந்த மதிலுக்கு அந்தப் பக்கம், தலைக்கு நேர் மேலே, மாலனி அக்கா வீட்டு மாமரத்துச் சரம் பற்றிக்கொண்டது. அது முடிவதற்குள் எதிர் வீடு, பின் வீடு, அடுத்த தெரு, தெமட்டகொடைப் பக்கம், கொலன்னாவைப் பக்கம், திசை என்று ஒன்று பாக்கியில்லை. ஆகாயம் முழுக்க ஒரே தகரக் கூரை, அதன் மேல் கல்மழை. பட்டப்பகலில் ஈர்க்கு வாணங்கள் வேறு கீறிக்கொண்டு போயின. மாலனி அக்கா வீட்டுப் பெண்கள் பெரிய ரபான் மேளத்தைச் சுற்றி உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார்கள்.

பிளேன்டீக் கோப்பை ஒரு பக்கம் போயிற்று. என் வீட்டுக்காரர் இன்னொரு பக்கம் போனார். படிக்கு அடியில், தண்ணீர் வாளிக்கும் சுவருக்கும் நடுவில், முழங்காலுக்குள் தலையைப் புதைத்து, காதைப் பொத்திக்கொண்டு, ஆறடி ஆள் ஒரு மூட்டை மாதிரி ஒடுங்கிவிட்டார்.

ராஜி அக்கா அகப்பையோடு வெளியே ஓடிவந்தார். "ஐயோ சேகர் தம்பி, உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே? முதல் பிறந்தது எங்கட வாக்கிய பஞ்சாங்கத்துக்கு. மற்றாக்களுக்கு இப்பதான் பிறக்குது" என்றார். விஷயம் அதுதான். தமிழர்களுக்கு அங்கே பஞ்சாங்கம் இரண்டு. வாக்கியத்துக்கு ஒரு நேரம், திருக்கணிதத்துக்கு ஒரு நேரம். சிங்களவர்களுடைய சுபநேரம் இந்த வருஷம் இரண்டாவதோடு சேர்ந்து வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் வருஷம் பிறந்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் மதிலுக்கு அந்தப் பக்கத்துச் சிங்கள வீட்டில் பிறந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த யாருக்கும் இதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. ஒரு வருஷம் ஒரே நாளில் இரண்டு தடவை பிறக்கும் என்று சாத்தூர்க்காரர் எங்கே கண்டார்.

கதிர் அப்பாவைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தான். தயா அண்ணன் சிரித்தார். நானும்தான் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர. மீனுவும் முதலில் எங்களோடு சேர்ந்து சிரித்தாள்.

பிறகு அவள் நிறுத்திவிட்டாள். வாத்தைப் படியில் வைத்தாள். வாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். குந்தியிருந்தவருக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் சிரிப்பை விழுங்கிக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணை இறுக்கி மூடியிருந்தார். அவள் தன் இரண்டு கையையும் எடுத்து, காதைப் பொத்தியிருந்த அவர் கைகளின் மேல் வைத்தாள். அவர் கை பெரிது, அவள் கை பாதிக்குக்கூட வரவில்லை. சரிப்படவில்லை என்று அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, தன் உள்ளங்கைகளை நேராகக் காதில் வைத்து அமுக்கினாள்.

அவர் கண்ணைத் திறந்தார்.

"பயப்படாதப்பா" என்றாள். "பட்டாசுதான். ஒண்ணும் செய்யாது."

காது பொத்தியிருந்ததால் அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. உதட்டைப் பார்த்துப் புரிந்திருக்கும். அழுதுவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. ராஜி அக்கா அகப்பையை வைத்துக்கொண்டே முந்தானையால் மூக்கைத் துடைத்தார். மீனு எங்கள் யாரையும் கவனிக்கவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. ஒவ்வொரு பெரிய வெடிக்கும் கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். நிற்க முடியாமல் கால் நோகவும் அவர் முழங்கால் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள், கையை எடுக்காமலே.

கொழும்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. எதிர் வீடு ஓய்ந்தது, அடுத்த தெரு ஓய்ந்தது. ரபான் சத்தமும் நின்றது. மதிலுக்கு மேலே மாலனி அக்காவின் தலை தெரிந்தது, கொக்கிஸ் பலகாரமும் பாற்சோறும் வைத்த தட்டு தெரிந்தது. ராஜி அக்கா வாயில் விரல் வைத்துக் காட்ட, அந்தத் தலையும் சத்தம் போடாமல் எங்களைப் பார்த்தது. ஒரு வெடி கூட இல்லை. காக்கைகள் திரும்பி வந்து கத்த ஆரம்பித்துவிட்டன.

மீனு அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "முடிஞ்சிருச்சா?"

அவர் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டார். "இல்ல தங்கம், இன்னும் இருக்கு" என்றார்.

அவள் சந்தேகமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். காக்கைச் சத்தம்தான் கேட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது என்று வைத்திருக்கிறவள் நான்.

"ஆமா, இன்னும் நெறைய இருக்கு. கையை எடுத்துராத" என்றேன்.